கொடி திரும்பினால் கோவளம்!

மணிக்கு 35 கிலோமீட்டர். அவ்வளவுதான். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடித்தே நம்மை ஓரம் கட்டிவிடுவார். அதே 35-ஐக் கடலில் போய்ப் பாருங்கள். இடுப்பில் ஒரு கொக்கி. அதை மாட்டியிருக்கும் மெல்லிய கம்பியில் முழு உடம்பும் தொங்குகிறது. ஒரு சாண் அகல ஃபைபர் விளிம்பில் வெறுங்கால். முதுகுக்குக் கீழே கடல் சீறிக்கொண்டு ஓடுகிறது. ஒருமுறை இப்படிப் போய்விட்டால் பைக், கார், விமானம் எல்லாமே உங்களுக்கு ஷேர் ஆட்டோதான்!

நான் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கன்வேயர் நின்றால் ஓடுவது பிழைப்பு. பலமான காற்றில் கோவளம் கடலில் கேட்டமரான் பந்தயம் ஓட்டுவது பைத்தியம். இந்தக் கட்டுரை முழுக்கப் பைத்தியத்தைப் பற்றியது. நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

எங்கள் படகு ஒரு பழைய ஹோபி 16 கேட்டமரான். கலிபோர்னியாவில் சர்ஃபிங் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் என்பவர் 1960களின் கடைசியில் இந்த வகைப் படகுகளை உருவாக்கினார். சுமார் 5 மீட்டர் நீளத்தில் இரண்டு ஒல்லியான ஃபைபர் உடல்கள், அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம், சட்டத்தின் நடுவே இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் 8 மீட்டர் உயரப் பாய்மரம். எல்லாம் சேர்த்து எடை 145 கிலோ. ஓரகடத்தில் தயாராகும் என்ஃபீல்டு பைக் இதைவிடக் கனம்! அந்த 145 கிலோவின் தலைமேல் 20 சதுர மீட்டர் பாய். இன்ஜின் கிடையாது, பிரேக் கிடையாது, அடியில் நடுப்பலகைகூடக் கிடையாது. உடல்களின் வெளிப்பக்கம் தட்டையாகவும் உள்பக்கம் வளைந்தும் இருப்பதால், அந்த வடிவமே படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. நடுப்பலகை இல்லாததால் வேகத்தோடு அப்படியே மணலில் ஏற்றி நிறுத்திவிடலாம். யோசித்தவன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்.

கேட்டமரான் என்றதும் நம் மீனவர்களின் கட்டுமரம் நினைவுக்கு வரும், ஆனால் அது வேறு வகை. மரத்துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கிய மிதவை அது. தண்ணீர் மேலே ஏறும், இடுக்குகள் வழியே இறங்கிப் போய்விடும், மூழ்காது. கேட்டமரான் இரண்டு உடல்களை அகலமாகத் தள்ளிவைத்து நிற்கிறது. அந்த அகலம்தான் அதன் வேகத்தின் ரகசியம். பெரிய ஒற்றை உடல் பாய்ப்படகு காற்றில் சாயாமலிருக்க அடியில் கனம் சுமக்க வேண்டும். கேட்டமரானுக்கு அந்தச் சுமை வேண்டாம். காற்று தள்ளும் பாரத்தை அந்தப் பக்கத்து உடல் தாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கத்து உடல் தண்ணீரைவிட்டு மேலே எழும்பும். எழும்பும் உடலின் விளிம்பில் கம்பியில் தொங்கியபடி நாங்கள் இரண்டு பேர். அதாவது, எங்கள் உடம்புதான் படகின் எடைக்கல். என் தொப்பைக்கு இந்த உலகத்தில் மரியாதை உள்ள ஒரே இடம் அதுதான்.

காற்றைப் பற்றி ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 10 நாட் காற்றில் ஹோபி சமர்த்தான பிள்ளை. கடலில் வெள்ளைக் கொண்டை அலைகள் தெரியும் 20 நாட் காற்றில் அது வேறு பிராணி. மணிக்கு 37 கிலோமீட்டர் காற்றுதானே என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றும். தண்ணீரில் இருப்பவருக்கு நான்கு மடங்கு விசை, பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின் ஷீட் கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். கையுறை போடாவிட்டால் தோல் உரியும், போட்டாலும் மறுநாள் ஸ்பேனர் பிடிக்கும்போது தெரியும்.

இந்தக் காற்று வருமா வராதா என்பதை நான் ஓரகடத்தில் இருந்தபடியே கற்றுக்கொண்டேன். எங்கள் கம்பெனி வாசலில் கொடிக்கம்பங்கள் உண்டு. ஜூன், ஜூலையில் காலை முழுக்க மேற்குக் காற்று, அனலோடு வீசும், கொடிகள் கிழக்கே பார்த்துப் படபடக்கும். மதியத்துக்கு மேல் ஒரு நேரத்தில் கொடி தொய்ந்து கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையாது. பிறகு மெதுவாகப் புரண்டு மேற்கே பார்த்து நிமிரும். தரை சூடேறிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து கிளம்பிய காற்று இத்தனை தொலைவு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கேயே கொடி நிமிர்ந்தால் கோவளத்தில் எப்படி இருக்கும்! மேற்குக் காற்று முரண்டு பிடிக்கிற நாட்களில் கடல் காற்று தாமதமாகும், சென்னை 40 டிகிரியில் வேகும். சில நாள் வராமலே ஏமாற்றும். கேன்டீனில் எல்லாரும் வடை எடுக்கப் போகும்போது நான் மட்டும் வாசலுக்குப் போய்க் கொடியைப் பார்ப்பது எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். வழியில் விளம்பரத் தட்டிகள் ஆடுவதைப் பார்த்தாலே நெஞ்சு துடிக்க ஆரம்பித்துவிடும். படகைச் சேர்ந்து வாங்கியவர்கள் மூன்று பேர்: நான், பெயின்ட் ஷாப் நண்பர் ஒருவர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர். ஆளுக்குப் போட்ட பணம் ஒரு பழைய பைக்கின் விலைதான். இந்த விளையாட்டுக்கு எங்கள் தொழிற்சாலைப் பட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பேன். ஒரு கேட்டமரானை ஓட விடாமல் செய்வது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம்: துருப்பிடித்த பின், தளர்ந்த போல்ட், இழை பிரிந்த கம்பி. பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பியின் முனையில் ஒரு இழை பிசிறியிருந்தால், விரலை வைத்துத் தடவியதுமே எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அலுமினியமும் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று அரிக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபைபரில் விழுந்த கீறலைப் பெயின்ட் ஷாப்காரர் தேய்த்துப் பூசிவிட்டால் விழுந்த இடம் அவருக்கே தெரியாது. எதிரணி ஓ.எம்.ஆர். ஐ.டி. பையன்கள். அவர்களிடமும் ஒரு ஹோபி இருக்கிறது. பந்தயத்தில் பாதியை நாங்கள் கரையிலேயே ஜெயித்துவிடுவோம். மீதிப் பாதியில் அவர்கள் எங்களைக் கதறவிடுவார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சோழமண்டலக் கரையில் படகு இறக்குவதே ஒரு தனிச் சாகசம். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது, அலை நேராகக் கரையில் வந்து உடையும். சென்னைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வரும். அலையில் மோதும்போது நெளிந்துகொடுக்கும் படகு அது. அந்தப் படகும் இறங்க முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போவார்களாம். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இதே அலையில்தான் நாங்களும் இறங்குகிறோம். இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு பக்கம் படகைப் பிடித்து நிற்க வேண்டும். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்ததும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அப்போது தள்ளி, தாவி ஏறி, பாயை இழுத்து... அடுத்த அலை உடைவதற்குள் தாண்டிவிட வேண்டும். தாண்டும்போது படகின் இரண்டு மூக்கும் வானத்தைப் பார்க்கும். அந்தப் பக்கம் தொபீரென்று விழும்போது வாயில் இருக்கும் பற்களை ஒருமுறை எண்ணிக்கொள்வது நல்லது.

எங்களோடு எப்போதும் ஒரு மீனவ அண்ணனின் ஃபைபர் படகு மோட்டாரோடு வரும். அவர்தான் நடுவர், அவர்தான் காவல், அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அவர் கடலைக்கூடப் பார்க்கவிட மாட்டார். ஒருமுறை நவம்பரில், வாடைக் காற்று நன்றாக எழும்பி நாங்கள் குதித்துக்கொண்டிருந்த நேரம், வடக்கே பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, மேகம் கட்டுது. ஒரு ரவுண்டு அடிச்சுட்டுக் கரைக்கு வந்துருங்க. ரெண்டாவது ரவுண்டு கேக்காதீங்க.”

“ஒரே ஒரு ரவுண்டுண்ணே, சத்தியமா.”

“சத்தியம்லாம் காத்துகிட்ட சொல்லு.”

அந்த ஒரு ரவுண்டைத்தான் சொல்ல வந்தேன். அவர் படகுக்கும் ஒரு ஆரஞ்சு மிதவைக்கும் இடையே கற்பனைக் கோடு. பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு விசில். பாய்ப்படகை நிறுத்தி வைக்க முடியாது, கோட்டுக்குப் பின்னால் வட்டமடித்துக்கொண்டே நேரத்தை எண்ண வேண்டும். வலப்பக்கக் காற்று வாங்குகிறவனுக்கு இடப்பக்கக் காற்று வாங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஆகவே கடைசி நிமிடம் முழுக்க “ஏய் வழி! வழி!” என்ற கூச்சல்தான். அடுத்த விசிலுக்கு இரண்டு படகும் கோட்டில். கயிற்றை இழுத்தேன். கூட்டாளி கம்பியில் கொக்கி மாட்டி வெளியே சாய்ந்தார், அடுத்து நான். காற்றுப் பக்க உடல் தண்ணீரை உதறிக்கொண்டு மேலே வந்தது. அடியில் ஒட்டியிருந்த தண்ணீர் சரம் சரமாகச் சொட்டுவதைக் கால்களுக்கு நடுவே பார்த்தேன். அந்த நொடியில் எனக்கு வீட்டுக் கடன் இல்லை, நைட் ஷிப்ட் இல்லை, வயது இல்லை.

காற்றை எதிர்த்துப் போகும்போது ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியே சுக்கான் பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் மூக்கைச் சற்றுக் காற்றை நோக்கி வளைக்கணும், உச்சி தாண்டியதும் விலக்கி வேகம் வாங்கணும். திசை மாற்றுவது இன்னும் சிரமம். ஹோபி 16 சட்டென்று திரும்பாது. அலை ஒன்று மூக்கில் அறைந்தால் காற்றுக்கு நேராகப் போய் அசையாமல் நின்றுவிடும். அதனால் முன்பாயை உடனே மாற்றாமல் ஒரு கணம் பழைய பக்கமே பிடித்துவைத்து, காற்றே மூக்கைத் தள்ளித் திருப்பும்படி விட வேண்டும். இது பிடிபடும் வரை ஐ.டி. பையன்கள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இப்போது வரட்டும் பார்க்கலாம்!

காற்று வரும் திசையில் போட்டிருந்த மேல் மிதவையைச் சுற்றித் திரும்பியதும் காற்று பின்பக்கவாட்டில். வேகம் அங்கேதான். சுக்கான்கள் இரண்டும் முதலில் முனகும், பிறகு ரீங்கரிக்கும். பேரிங் போவதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் நான். அந்த ரீங்காரத்தின் சுருதி ஏற ஏற வேகத்தைச் சொல்லிவிடுவேன். தெறிக்கும் தண்ணீர் முகத்தில் கூழாங்கல்லாக அறையும், கண் எரியும், வாய் தானாகச் சிரிக்கும். முன்னால் போகும் அலையைப் படகு துரத்திப் பிடித்து அதன் முதுகில் ஏறி, இறக்கத்தில் பாயும். ஆபத்தும் அந்த இறக்கத்தில்தான் காத்திருக்கிறது. காற்றுக்கு மறுபக்க உடலின் மூக்கு முன்னலைக்குள் குத்தினால் படகு பிரேக் பிடித்த மாதிரி நிற்கும், பாய் நிற்காது, பின்பகுதி தூக்கிக்கொண்டு மொத்தப் படகும் குட்டிக்கரணம் போடும். அதனால் இரண்டு பேரும் சுக்கான் பக்கம் ஓடி, முடிந்த மட்டும் பின்னால் தொங்க வேண்டும்.

அன்றைக்கு அது நடந்தது. மூக்கு போனதைப் பார்த்தேன். வெள்ளை ஃபைபர் பச்சைத் தண்ணீருக்குள் முழங்கையளவு, ஆளளவு இறங்கிக்கொண்டே போனது. அடுத்து நான் கம்பியில் ஊஞ்சலாடிப் பாய்மரத்தைச் சுற்றி முன்பக்கம் பறந்தேன். கூட்டாளி எனக்கு முன்னாலேயே பறந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் திருவிழா ராட்டினத்தில் ஏறிய குழந்தையின் பரவசம். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கியதும் இரண்டு பேரும் இருமினோம், சிரித்தோம், மறுபடி இருமினோம். கவிழ்ந்த ஹோபியை நிமிர்த்துவதற்கும் ஒரு முறை உண்டு. மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பிவிட்டு, அடி உடலில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்து மல்லாக்கச் சாய வேண்டும். காற்று பாய்க்கு அடியில் புகுந்ததும் மீதி வேலையை அதுவே செய்யும். எதிரணி ஜெயித்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தது. தோற்ற பந்தயத்தைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக எழுதும் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ஓட்டும் நண்பர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். 1990 முதல் இருக்கிற டிராக், கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர், அதன் வளைவுகள் அவர்களுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் வித்தியாசம். கடலில் பாதையும் ஓடிக்கொண்டிருக்கும். போன சுற்றில் இருந்த மேடு இந்தச் சுற்றில் பள்ளம். இரண்டையும் ருசி பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு தண்ணீருக்கே.

கேட்டமரானின் வேகத்தைப் பார்த்து உலகமே ஒரு காலத்தில் பயந்திருக்கிறது. 1876-இல் நதானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் இறக்கி ஒற்றை உடல் படகுகளை எல்லாம் ஓட ஓட விரட்டினார். பரிசு? அந்தப் பந்தயங்களில் கேட்டமரானுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள்! 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் புகழ்பெற்ற பாய்ப்படகுப் பந்தயமான அமெரிக்கா கோப்பையே 72 அடி கேட்டமரான்களில் நடந்தது. 8-1 என்று பின்தங்கியிருந்த ஆரக்கிள் அணி 9-8 என்று நியூசிலாந்தை மடக்கியது. இன்றைய செயில்ஜிபி பந்தயக் கேட்டமரான்கள் தண்ணீருக்கு மேல் இறக்கைகளில் எழும்பி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டன. எனக்குப் பிடித்த கதை வேறு. ரியோ ஒலிம்பிக்கில் நாக்ரா 17 கேட்டமரானில் தங்கம் வென்ற அர்ஜென்டினாவின் சான்டியாகோ லாங்கேவுக்கு வயது 54. முந்தைய வருடம்தான் புற்றுநோய்க்காக நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். “வயசாயிடுச்சுப்பா” என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நம் ஆட்கள் சளைத்தவர்களா? சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் பாய்ப்படகு ஓட்டினார். கணபதியும் வருண் தக்கரும் 49இஆர் என்ற முரட்டுப் படகில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதே போட்டிகளில் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகர் ஜோடி வெள்ளி. 49இஆர் ஒற்றை உடல் படகுதான் என்றாலும் அதிலும் கம்பியில் தொங்க வேண்டும், ஆகவே அவர்கள் என் சொந்தக்காரர்கள். இன்னும் தெற்கே போங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் கோயில் திருவிழாவை ஒட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். பாக் ஜலசந்திப் படகுகளில் காற்றுப் பக்கமாகப் பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறிச் சமன் செய்யும் வழக்கம் நாங்கள் தொங்கும் டிரபீஸ் கம்பி வருவதற்கு முன்பே உண்டு. நாங்கள் கொக்கி மாட்டிச் செய்வதை அவர்கள் பலகைமேல் செய்தார்கள். கரையில் நின்று விசிலடிக்கும் கூட்டமும் அங்கே உண்டு. எங்களுக்குக் கோவளத்தில் கிடைக்கும் கூட்டம் இரண்டு நாய்களும் ஒரு சுண்டல்காரரும்.

எனக்கு ஒரே ஆதங்கம்தான். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஓரகடம் வரை இத்தனை ஆயிரம் இளைஞர்கள், கடலுக்கு ஒரு மணி நேரச் சொச்சத் தூரத்தில். வார ஓய்வில் ரூமில் படுத்துப் போனில் ரீல்ஸ் தள்ளுகிறார்கள். இந்தக் கையும் கருவியும் அறிந்த கூட்டத்துக்குள் எத்தனை நல்ல மாலுமிகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்களோ! கம்பெனிகள் கிரிக்கெட் போட்டி நடத்துகின்றன, கபடி நடத்துகின்றன. இரண்டு படகு வாங்கிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

கம்பெனிகள் வாங்கும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. எதிரணியின் படகையும் சேர்த்தால் மூன்றாவதாக வரும் படகுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், ஓட்டத்தான் ஆள் வேண்டும். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், அப்ரன்டிஸ் யாராக இருந்தாலும் சரி, ஆணோ பெண்ணோ. 50 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், ஃபைபர் படகு அண்ணன் சொன்னால் கேட்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் நாங்கள் தருகிறோம், கையுறை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.